மெத்தென்ற, லேசான ரன்னிங் ஷூ: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் எழும் கேள்விகள்

திருவான்மியூரிலிருந்து எலியட்ஸ் கடற்கரை வரை விடியற்காலையில் ஓடும் எங்கள் சிறு கூட்டத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஷூ பற்றிய பேச்சு வந்துவிடும். பெரும்பாலானவர்கள் தேடுவது ஒரே வகையைத்தான்: காலுக்கு மெத்தென்று இருக்க வேண்டும், கனக்கக் கூடாது, நியூட்ரல் ஆக இருக்க வேண்டும். சாக்கனி கின்வாரா, ஹோகா கிளிஃப்டன், ஏசிக்ஸ் நோவாபிளாஸ்ட் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கடையில் கட்டைவிரலால் அழுத்தும்போது தெரியும் மென்மை வேறு. எட்டாவது கிலோமீட்டரில் களைத்துப்போன காலுக்குத் தெரியும் மென்மை வேறு. இரண்டாவதை வைத்துத்தான் ஷூவை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

நியூட்ரல் ஷூ என்றால் என்ன? எனக்கு அதுதான் ஏற்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தரையில் பாதம் பட்டதும் அது சற்று உட்பக்கமாகச் சாயும். இதை புரொனேஷன் என்பார்கள். இது நோய் அல்ல, எல்லோருக்கும் நடப்பது. சிலருக்கு அந்தச் சாய்வு கூடுதலாக இருக்கும். அதைத் தடுக்க ஷூவின் உட்பக்கத்தில் கெட்டியான ஃபோமோ பிளாஸ்டிக் தாங்கலோ வைத்துச் செய்பவை ஸ்டெபிலிட்டி ஷூக்கள். அப்படி எந்தத் தடுப்பும் இல்லாமல் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பது நியூட்ரல்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் என்னை டிரெட்மில்லில் அரை நிமிடம் ஓடவிட்டு, வீடியோ எடுத்துக் காட்டி, "உங்களுக்கு அதிகமாகச் சாய்கிறது" என்று ஸ்டெபிலிட்டி ஷூவை விற்றார்கள். அதற்கு முன் எனக்குக் காலில் எந்த வலியும் இருந்ததில்லை. அந்த ஷூவின் கெட்டியான உட்பகுதி பாதவளைவில் முட்டிக்கொண்டே இருந்தது. ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். திரும்ப நியூட்ரலுக்கு வந்தபின் அந்த வலி போயிற்று. இது என் ஒருவன் கதைதான். ஆனால் டென்மார்க்கில் நடந்த ஒரு பெரிய ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு, பாதம் எப்படி இருந்தாலும் சரி என்று, ஒரே நியூட்ரல் ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். பாதம் உட்பக்கம் சாய்பவர்களுக்கு அதனால் காயம் கூடவில்லை. அமெரிக்க ராணுவத்திலும் பாதத்தின் வடிவத்தைப் பார்த்து ஷூ ஒதுக்கிச் சோதித்தார்கள். காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை.

ஆகவே வீடியோவை விட உங்கள் வரலாறுதான் நல்ல சாட்சி. இதுவரை சாதாரண ஷூவில் வலியில்லாமல் ஓடியிருந்தால் நியூட்ரலில் தொடங்குங்கள். பழைய ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருப்பது சகஜம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஷூ முழுவதுமே உட்பக்கமாகக் குடை சாய்ந்து நின்றால், அதோடு உள்முழங்காலிலோ கணுக்காலின் உட்புறத்திலோ வலியும் இருந்தால், அப்போது ஸ்டெபிலிட்டி பற்றி யோசிக்கலாம்.

எனக்குத் தட்டைப் பாதம். நியூட்ரல் கூடாதா?

தட்டையாக இருப்பது மட்டுமே தடை அல்ல. 1992-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 2300 குழந்தைகளின் பாதங்களைப் பார்த்தார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. பாதம் அது வளர்ந்த விதத்தைச் சொல்கிறது, ஓடத் தகுதி இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. வலி இல்லையென்றால் நியூட்ரலில் ஓடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில லேசான ஷூக்களில் நடுப்பகுதி ஒடுங்கி, பாதவளைவுக்குக் கீழே மேடாக இருக்கும். தட்டைப் பாதத்துக்கு அந்த இடத்தில் கொப்புளம் வரும்.

மெத்தை கூடினால் காயம் குறையுமா?

ஓரளவுக்குக் குறையும். ஆனால் நாம் நினைக்கும் வழியில் அல்ல.

லக்ஸம்பர்கில் 848 பேரிடம், வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஷூக்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் மிட்சோல் (பாதத்துக்கும் அடிரப்பருக்கும் நடுவில் இருக்கும் ஃபோம்) மென்மையானது, இன்னொன்றில் கெட்டி. யாரிடம் எது இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கெட்டி ஷூக்காரர்களுக்குக் காய அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. இதில் வியப்பு என்னவென்றால், மெத்தையால் தெளிவான பலன் கிடைத்தது உடல் எடை குறைந்தவர்களுக்கு. கனத்தவர்களுக்கு வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. "நான் 90 கிலோ, அதனால் எனக்குத்தான் மெத்தை அதிகம் வேண்டும்" என்று சொல்பவர்களும், "நான் ஒல்லி, எனக்கு எதுவும் ஓடும்" என்று சொல்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2018-ல் ஃபின்லாந்தில் 12 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தடித்த மெத்தை ஷூவில் வேகமாக ஓடும்போது தரை மோதும் அதிர்வு சாதாரண ஷூவை விடக் கூடியது. காரணம் நம் உடம்பின் பழக்கம். தரை மென்மையாக இருந்தால் கால் தானாகவே விறைத்துக்கொள்ளும், கெட்டியாக இருந்தால் முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாக மடக்கும். மணலில் ஓடிவிட்டுத் தார்ச்சாலைக்கு ஏறும்போது இந்த மாற்றத்தை உணர்ந்திருப்பீர்கள். அதனால் மெத்தை என்பது அதிர்வை அப்படியே விழுங்கிவிடும் பஞ்சு அல்ல. மெத்தை எவ்வளவு என்பதைவிட, அந்த மெத்தையில் உங்கள் கால் நிதானமாக இறங்குகிறதா, ஆடுகிறதா என்பதுதான் முக்கியம்.

எத்தனை கிராம் இருந்தால் லேசான ஷூ?

ஒரு ஷூ 250 கிராமும் அதற்குக் கீழும் இருந்தால் மெத்தை ஷூக்களில் அது லேசானதுதான். கிளிஃப்டனின் ஒன்பதாம் பதிப்பு ஏறக்குறைய அந்த அளவு. 280-ஐத் தாண்டினால் "லேசு" என்ற சொல்லை விட்டுவிடலாம். விளம்பரத்தில் வரும் எடை பெரும்பாலும் ஆண்களுக்கான அமெரிக்க அளவு 9-க்குரியது. உங்கள் அளவு பெரிதானால் எடையும் கூடும்.

ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் ஆற்றல் சுமார் 1 சதவீதம் கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 3000 மீட்டர் ஓட்டத்தில் அளந்தபோது நேரம் 0.78 சதவீதம் கூடியது. அதே கணக்கை ஐந்து மணி நேர மாரத்தானுக்குப் போட்டுப் பாருங்கள்: 30 கிராம் வித்தியாசம் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த 30 கிராமுக்காக விரலை நெருக்கும் ஷூவை வாங்கினால் இழப்பது அதைவிட அதிகம்.

எடையை எங்கே குறைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அடிப்பகுதி ரப்பரை அங்கங்கே மட்டும் ஒட்டிவிட்டு மற்ற இடத்தில் ஃபோமைத் திறந்தே விட்டிருக்கலாம். குதிகாலைப் பிடிக்கும் பின்சுவரை மெலிதாக்கியிருக்கலாம். லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கில் பஞ்சே இல்லாமல் இருக்கலாம், லேஸை இறுக்கினால் பாதத்தின் மேல்பக்கம் வலிக்கும். ஃபோமே லேசானது என்பதால் எடை குறைந்திருந்தால் அதுதான் உண்மையான ஆதாயம்.

டிராப் என்கிறார்களே, அது முக்கியமா?

குதிகாலுக்குக் கீழே இருக்கும் உயரத்துக்கும் முன்பாதத்துக்குக் கீழே இருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் டிராப். 2010-ல் வந்த கின்வாராவுக்கு 4 மி.மீ. நைக்கி பெகாசஸுக்கு 10. புரூக்ஸ் கோஸ்டுக்குப் பல ஆண்டுகள் 12 இருந்தது. டிராப் குறைந்தால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் கூடுதலாக வேலை செய்யும். கூடினால் சுமை முழங்கால் பக்கம் நகரும். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. திடீரென்று மாற்றாதீர்கள், அவ்வளவுதான். 12-இலிருந்து 4-க்கு வருபவர்கள் முதல் மாதம் வாரத்தில் ஒன்றிரண்டு குறுகிய ஓட்டங்களுக்கு மட்டும் புதியதைப் போடட்டும்.

ஷூ அடிப்பகுதியின் மொத்த உயரம் பற்றியும் சிலர் கேட்பார்கள். உலக தடகள அமைப்பு 2020-இலிருந்து சாலைப் போட்டிகளுக்கு 40 மி.மீ. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நோவாபிளாஸ்டின் அண்மைப் பதிப்புகள் குதிகாலில் அதையும் தாண்டுகின்றன. பதக்கத்துக்கு ஓடாத நமக்கு அந்த விதி ஒரு பொருட்டல்ல. ஆனால் உயரம் கூடக் கூடக் கணுக்கால் பிசகும் வாய்ப்பைப் பற்றி யோசிக்க வேண்டும், அதுவும் நம் நடைபாதைகளில்.

ஃபோமுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைக்கிறதே?

பெயர்களை மறந்துவிடலாம். அடியில் இருப்பது பெரும்பாலும் மூன்று குடும்பங்கள். ஈ.வி.ஏ. நெடுநாளாக இருப்பது, லேசு, விலை குறைவு, சீக்கிரம் தட்டையாகிவிடும். டி.பி.யூ. என்பது அடிடாஸ் 2013-ல் பூஸ்ட் என்று கொண்டுவந்தது, சிறுசிறு மணிகளை ஒட்டவைத்தது போல இருக்கும். நன்றாகத் துள்ளும், நெடுநாள் உழைக்கும், ஆனால் கனம். பீபா மூன்றிலும் லேசு, துள்ளலும் அதிகம், விலையும் அதிகம். 2017-இலிருந்து பந்தய ஷூக்களைப் புரட்டிப்போட்டது அதுதான். இப்போது ஈ.வி.ஏ.வையே நைட்ரஜன் வாயு செலுத்தி உப்பவைத்து லேசாக்குகிறார்கள். தினசரி ஓட்டத்துக்கான நல்ல மெத்தை ஷூக்கள் பலவற்றில் இது வந்துவிட்டது.

கடையில் எப்படிச் சோதிப்பது?

மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடப் போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள்.

முதலில் உள்ளிருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் இருபுறமும் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு அகலம் போதாது. எவ்வளவு மெத்தை இருந்தும் பயனில்லை. நம்மவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களை விட அகலமானவை என்று தெரியவந்தது. நமக்கென்று 'பா' என்ற புதிய அளவு முறையையும் முன்வைத்திருக்கிறார்கள். அது கடைக்கு வரும்வரை நாம் வேற்று அச்சில் செய்த ஷூவைத்தான் வாங்கிக்கொண்டிருப்போம். அகலம் போதவில்லை என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிறோம், நீளம் கூடிப்போய்க் குதிகால் வழுக்குகிறது. அதைவிட அதே மாடலில் 'வைட்' இருக்கிறதா என்று கேளுங்கள். கிளிஃப்டன், கோஸ்ட் போன்றவற்றில் உண்டு. கடையில் இருப்பு இல்லையென்றாலும் வரவழைத்துத் தரச் சொல்லிப் பாருங்கள்.

நீளத்துக்கு, நின்றபடி பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். பலருக்கு இரண்டு கால்களும் ஒரே அளவு இல்லை, பெரிய காலை வைத்து முடிவு செய்யுங்கள். எனக்கு இது தெரியாத காலத்தில் இடதுகால் பெருவிரல் நகம் கறுத்து விழுந்து, திரும்ப முளைக்கப் பல மாதமாயிற்று.

பிறகு கையால் மூன்று காரியம். குதிகால் பின்சுவரைக் கிள்ளிப் பாருங்கள், முற்றிலும் தொய்ந்தால் மெத்தை ஷூவில் கால் ஆடும். ஷூவைத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள், கொஞ்சம் எதிர்ப்பு இருக்க வேண்டும். மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நட்டநடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள்.

இப்போது போட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் 20 விநாடி நில்லுங்கள். கணுக்கால் அலைபாய்கிறதா? ஒரு படியிலிருந்து இறங்குங்கள். கடைக்கு வெளியே 50 மீட்டராவது உங்கள் வழக்கமான வேகத்தில் ஓடிப் பாருங்கள். விடாதவர்களிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன், பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் பொருள் இது. வலதுகாலில் ஒரு மாடல், இடதுகாலில் இன்னொன்று போட்டு ஓடிப் பார்ப்பது இன்னும் நல்லது. தனித்தனியாகப் போட்டால் தெரியாத வித்தியாசம் சட்டென்று தெரியும்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் 2015-ல் சொன்ன ஒரு கருத்து இருக்கிறது. ஓடுபவர் தனக்குச் சுகமாக இருக்கும் ஷூவைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தச் சுகமே ஒரு வடிகட்டியாக இருந்து காய அபாயத்தைக் குறைக்கும் என்பது அது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். தோல் ஷூவுக்கு அது சரி. ஓட்ட ஷூ முதல் நிமிடத்திலேயே உறுத்தக் கூடாது.

ஆன்லைனில் வாங்கலாமா?

ஏற்கெனவே ஓடிய மாடல் என்றால் தாராளமாக. புதியது என்றால், திருப்பி அனுப்ப முடியுமா என்று பார்த்துவிட்டு, வந்ததும் வீட்டுக்குள்ளேயே ஓடிப் பாருங்கள். அளவை யூ.கே. எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே அமெரிக்க 9, ஒரு கம்பெனியில் யூ.கே. 8, இன்னொன்றில் 8.5. பெட்டியில் சென்டிமீட்டர் போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

எத்தனை ஓட்டத்துக்குப் பின் தீர்ப்பு சொல்லலாம்?

நான் நான்கு ஓட்டம் பார்ப்பேன். முதல் இரண்டு, நான்கைந்து கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடும் வேகம். இதில் உராய்வும் மரத்துப்போதலும் தெரிந்துவிடும். மூன்றாவது கொஞ்சம் வேகம், பாலம் ஏற்றம் எல்லாம் சேர்த்து. நான்காவதுதான் முக்கியம்: வழக்கமான லாங் ரன், அதாவது நீண்ட தூர ஓட்டம். எட்டு, பத்து கிலோமீட்டருக்குப் பிறகு நம் நடை குலையும். குதிகால் இழுபடும், இடுப்பு தொய்யும். நல்ல ஷூ அப்போதும் பாதத்தை நேராக இறக்கிவிடும். ரொம்ப மென்மையான ஷூ அந்த நேரத்தில் சேற்றில் கால் வைத்ததுபோல் அமுங்கி, ஒவ்வொரு அடியையும் பிடுங்கி எடுக்க வைக்கும். கடையில் மேகம்போல் இருந்த ஷூக்கள் பல எனக்கு இந்த இடத்தில்தான் தோற்றன.

மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கும்போது குதிகாலையும் கெண்டைக்காலையும் கேளுங்கள். பொதுவான அசதி பரவாயில்லை. ஒரு புள்ளியில் குத்தினால் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் முறையும் அதே இடம் என்றால் ஷூ ஒத்துவரவில்லை.

விரல்கள் மரத்துப்போனால் உடனே ஷூவைக் குறை சொல்ல வேண்டாம். முன்பக்க லேஸைத் தளர்த்திப் பாருங்கள். குதிகால் வழுக்கினால் மேலே கூடுதலாக இருக்கும் கடைசித் துளையில் லேஸை வளையமாக்கி, எதிர்ப்பக்க முனையை அதற்குள் விட்டு இழுங்கள். பல ஷூக்களுக்கு இதுவே போதும்.

இதே ஷூவில் வேகமாக ஓடலாமா?

ஓடலாம். பத்து கிலோமீட்டர், அரை மாரத்தான் எல்லாவற்றுக்கும் தாங்கும். டிராக்கில் 400 மீட்டர் இன்டர்வெல் (இடையிடையே ஓய்வு விட்டு வேகமாக) ஓடும்போது மட்டும் தடித்த மெத்தை வளைவுகளில் தடுமாற வைக்கும்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும்?

சென்னையில் ஐந்தரை மணிக்குக் கிளம்பினாலும் ஒரு மணி நேரத்தில் வியர்வை சாக்ஸை நனைத்து ஷூவுக்குள் இறங்கிவிடும். லேசான ஷூவும் அப்போது லேசாக இருக்காது. மேல்துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், துளைகள் வழியே வெளிச்சம் தெரிந்தால் காற்று போகும். நாக்கிலும் கழுத்திலும் பஞ்சு குறைவாக இருப்பது இங்கே நல்லது, பஞ்சுதான் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஓடிவிட்டு ஒருவர் "கெட்டி" என்று எழுதிய ஷூ இங்கே மென்மையாகவே இருக்கலாம். அவர் "சரியான பதம்" என்றது இங்கே குழைவாக இருக்கலாம். வெளிநாட்டு மதிப்பீடுகளைப் படிக்கும்போது நான் இதை மனத்தில் வைத்துக்கொள்வேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த ஃபோம் அடிப்பகுதி ஈர டைல்ஸிலும் சாலையில் வரைந்த வெள்ளைக் கோட்டிலும் வழுக்கும். முன்பாதத்திலும் குதிகாலின் வெளி ஓரத்திலும் ரப்பர் இருப்பதாகப் பாருங்கள். நனைந்த ஷூவை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், மொட்டைமாடி வெயிலிலும் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள்.

எவ்வளவு தூரம் உழைக்கும்?

500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. லேசான ஷூக்களை அதன் கீழ்ப்பாதியில் எதிர்பாருங்கள். அடிரப்பர் தேய்வதற்கு முன்பே ஃபோம் செத்துவிடும். பக்கச் சுவரில் நின்றபடியே சுருக்கம் விழுந்தால், இதுவரை வராத முழங்கால் வலி எட்டிப் பார்த்தால், காலம் முடிந்தது. வாங்கிய தேதியைப் பெட்டியில் எழுதி வைப்பது என் பழக்கம்.

ஒரு ஜோடி போதாதா?

போதும். இரண்டு இருந்தால் நல்லது. 264 பேரை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காய அபாயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: நேற்று நனைந்தது இன்று காய்ந்திருக்காது. ஒரே மாடலில் இரண்டு வாங்குவதைவிட, டிராப்பும் மென்மையும் வேறுபடும் இரண்டாக வாங்குங்கள்.

புதிய பதிப்பு வந்துவிட்டது. பழையது தள்ளுபடியில் கிடைக்கிறது. எதை வாங்க?

பழையது உங்களுக்குப் பொருந்தினால் பழையதை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஷூவும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். கிளிஃப்டன் 2014-ல் வந்தது. நெடுங்காலம் 5 மி.மீ. டிராப்பில் இருந்துவிட்டு பத்தாம் பதிப்பில் 8 ஆயிற்று. குறைந்த டிராப்புக்காகவே அதை விரும்பியவர்களுக்கு அது வேறு ஷூ. புதிய பதிப்பைப் புது மாடலாகவே எடுத்துக்கொண்டு மேலே சொன்ன சோதனைகளை முதலிலிருந்து செய்யுங்கள்.

ஆபீஸுக்கும் நடைப்பயிற்சிக்கும் இதையே போட்டுக்கொள்ளலாமா?

நடக்கலாம், சுகமாகவே இருக்கும். ஆனால் எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் அமுக்கிய ஃபோமை மறுநாள் காலை ஓட்டத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். ஓடுவதற்கு ஒன்றை ஒதுக்கி வையுங்கள். ஓடி முடிந்த பழைய ஜோடி ஆபீஸுக்குப் போகட்டும்.